உண்மை உரைக்கும் ஊழியருக்குக் காப்பு எங்கே?

2002-ம் வருஷம் நவம்பர் மாதம் 11-ந் தேதியிட்டுப் பாரதப் பிரதம மந்திரிக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் ஸ்ரீ சத்யேந்திர துபே என்னும் இளம் இஞ்சினீயர். பீஹாரில் ஒரு கிராமத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துத் தேறி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் உத்தியோகம் ஏற்றவர். டில்லி, மும்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைப்பதற்காக அப்போது போடப்பட்டு வந்த தங்க நாற்கரச் சாலையின் ஒரு பகுதியை, ஜார்க்கண்டிலுள்ள கோடர்மாவிலிருந்து மேற்பார்த்து வந்தார். பெரிய கம்பெனிகள் எடுத்த கண்டிராக்டு வேலை, அதற்குத் தகுதியற்ற சில்லறைக் கண்டிராக்டர்களுக்குக் கைமாறுவதையும், அதனால் சாலையின் தரம் கெடுவதையும், பொது ஜனங்களின் பணம் சூறையாவதையும் தாம் கண்டது கண்டபடி அவர் அக்கடிதத்தில் விவரித்தார்.

சாதாரண மனிதன் எழுதும் கடிதத்தை மேலிடத்தில் யாரும் பொருட்படுத்த மாட்டார்களே என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆகவே தாம் இன்னார், இன்ன வேலையிலிருப்பவர் என்ற விவரத்தையும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த விவரம் ஊர் சுற்றக் கூடாதென்பதற்காக அதைத் தனிக் காகிதத்தில் எழுதி இணைத்தார். தம் பெயரை இரகசியமாக வைத்துக்கொள்ளும்படி வேண்டியும் கொண்டார். இதைக் காட்டிலும் முன்ஜாக்கிரதையாக ஒரு மனிதன் எப்படித்தான் எழுத முடியும்?

கடிதம் பிரதம மந்திரியின் காரியாலயத்தை அடைந்தது. அங்கிருந்து சாலைப் போக்குவரத்து மந்திரி இலாகாவுக்குச் சென்றது. அங்கிருந்து நெடுஞ்சாலை ஆணையத்துக்கே வந்து சேர்ந்தது. எந்த ஸ்தாபனத்தின் சீர்கேட்டைப் பற்றி எழுதினாரோ அந்த ஸ்தாபனத்தின் மேஜைக்கே வந்தது என்று பொருள். போன இடமெல்லாம் எழுதியவரின் பெயரும் கூடவே போயிற்று. இதில் எவரும் சதி செய்ததாக நாம் சொல்லவில்லை. சர்க்கார் காகிதங்கள் எந்த வழியாகப் போவது வழக்கமோ அந்த வழியாகத்தான் இதுவும் போயிற்று. அந்த வழக்கந்தான் நம்மை நடுங்கச் செய்கிறது.

ஒரு வருஷம் சென்றது. 2003-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி, விடியுமுன், காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய ஸ்ரீ துபே, கயா ரயில் நிலையத்தில் இறங்கி ரிக்ஷாவில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது முப்பது. வழக்கை விசாரித்த சி.பி.ஐ., இது வழிப்பறிக்காரர் செய்த கொலை என்று முடிவு கட்டியது. 2010 மார்ச்சு மாதத்தில் பாட்னா நியாயஸ்தலம் மூவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. தீர்ப்பை நாம் மறுத்துரைக்கப் போவதில்லை. ஆயினும் கொன்றவர் எவராயினும், கடிதத்துக்கு நேர்ந்த கதி கதிதான். காப்பாற்றுவதாக நம்பி ஒப்படைத்த பெயரை ராஜாங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. தேசம் கொதித்தது அதற்காகவே.

அதன் பிறகு இருபது வருஷங்களுக்கு மேல் உருண்டோடி விட்டன. இப்படிப்பட்ட மனிதரைக் காப்பதற்கென்று பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்திருக்கிறது. சட்டம் செய்து வைத்துவிட்டு அதை அமுலுக்குக் கொண்டு வராமலிருக்கும் விந்தையைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம்.

முதலில் சட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். உத்தியோகஸ்தர்களின் ஊழலை வெளியிடுவோரைக் காக்கச் சட்டம் வேண்டுமென்று, மசோதாவின் மாதிரியோடு, லா கமிஷன் தன் 179-வது அறிக்கையில் 2001 டிசம்பரிலேயே சிபாரிசு செய்தது. ஸ்ரீ துபே கடிதம் எழுதியதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிபாரிசு அலமாரியில் இருந்தது. மனிதர் சாலையில் மாண்டார். கொலைக்குப் பின் சுப்ரீம் கோர்ட்டின் தூண்டுதலின்மேல் 2004 ஏப்ரல் 21-ந் தேதி சர்க்கார் ஒரு தீர்மானம் பிறப்பித்து, இத்தகைய புகார்களைப் பெறும் அதிகாரத்தை மத்திய விஜிலன்ஸ் கமிஷனுக்கு அளித்தது. அடுத்த வருஷமே, 2005 நவம்பர் 19-ந் தேதி, உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் கலப்பட எண்ணெய் விற்ற பெட்ரோல் பங்கைச் சோதிக்கச் சென்ற இந்தியன் ஆயில் அதிகாரி ஸ்ரீ எஸ். மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். கோலார் தங்கவயலிலிருந்து போன இருபத்தேழு வயது இளைஞர். அவர் கடிதம் ஏதும் எழுதியவர் அல்லர். இட்ட வேலையைச் செய்தவர். ஆனால் இட்ட வேலையை ஒழுங்காகச் செய்வதே இந்த நாட்டில் வீரச் செயலாகி விட்டதென்பதை அவருடைய சாவு காட்டியது.

மசோதா 2010 ஆகஸ்டில் லோக் சபையில் பிரவேசித்தது. 2011 டிசம்பரில் அங்கே நிறைவேறியது. ராஜ்ய சபை அதை ஏற்றுக்கொள்ள 2014 பிப்ரவரி 21-ந் தேதியாயிற்று. மே 9-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்திட்டார். கெஜட்டிலும் பிரசுரமாயிற்று. அத்துடன் நின்றது! ஒவ்வொரு சட்டத்திலும் முதற் பிரிவிலேயே ஒரு வாசகம் இருக்கும். இச்சட்டத்தில் அது, மத்திய சர்க்கார் அறிவிப்பின் மூலம் குறிக்கும் தேதியில் இது அமுலுக்கு வரும் என்பதாகும். அந்தத் தேதி குறிக்கப்படவில்லை. 2024 மே மாதத்தில் சட்டத்துக்குப் பத்து வயது நிரம்பியபோதும் அது நாள் பார்க்கப்படாத கல்யாணம் போலவே இருந்தது.

சட்டத்தில் என்ன இருக்கிறது? குறைகள் பல உண்டு. எனினும் நல்ல ஷரத்துக்களும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புகார் செய்தவரின் பெயரை அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி இலாகா தலைவருக்குக் கூடத் தெரிவிக்கக் கூடாது. அஜாக்கிரதையாலோ கெட்ட எண்ணத்தாலோ பெயரை வெளியிடுகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. புகார் செய்த பிறகு தம்மைப் பழிவாங்கினார்கள் என்று ஓர் ஊழியர் முறையிட்டால், அது பழிவாங்கல் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு மேலதிகாரியின் தலையிலேயே விழுகிறது.

இந்தக் கடைசி ஷரத்தின் அருமை, காரியாலயங்களில் வேலை பார்த்தவர்களுக்கே தெரியும். மேலதிகாரியைப் பகைத்துக்கொண்ட ஊழியனை யாரும் புகார் செய்ததற்காகத் தண்டிப்பதில்லை. அப்படி ஒரு காகிதத்தில் எழுதி வைக்குமளவுக்கு எந்த அதிகாரியும் அசடர் அல்லர். ஒரு நாள் அவர் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு மெமோ வரும். மூன்று வருஷத்துக்கு முந்திய பிரயாணப்படிக் கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் கண்டுபிடிக்கப்படும். குழந்தைகளின் பரீட்சைக் காலத்தில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் உத்தரவு வரும். வருஷாந்தரக் குறிப்பில், திறமைசாலி, ஆனால் ஒத்துழைக்கும் சுபாவமில்லாதவர் என்று ஒரு வரி ஏறும். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் விதிப்படி நடந்ததே. ஊழியன் நியாயஸ்தலத்துக்குப் போய் இவையெல்லாம் ஒரே கையின் வேலை என்று எப்படி நிரூபிப்பான்? ஆதாரமெல்லாம் அதிகாரியின் பீரோவில் அல்லவா இருக்கின்றன? நிரூபிக்கும் பொறுப்பை ஆதாரம் வைத்திருப்பவன் மேல் சுமத்துவதே நியாயம். அந்த நியாயம் அச்சிடப்பட்டு, கட்டப்பட்டு, கிடப்பில் இருக்கிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம். பழிவாங்கல் என்றால் என்ன என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. சம்பவம் நடந்து ஏழு வருஷத்துக்குப் பிறகு வரும் புகாரை ஆராய முடியாது. பெயரில்லாத கடிதத்தின் பேரில் நடவடிக்கையே கிடையாது. இந்த மூன்றாவதைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம்; மொட்டைக் கடிதாசினால் நல்லவர்களும் மானமிழந்திருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் கடிதத்தில் கண்டிராக்டின் நம்பரும், பில்லின் தேதியும், சிமெண்டு மூட்டைகளின் கணக்கும் இருக்குமானால், எழுதியது யார் என்று தெரியாததனால் கணக்கு பொய்யாகி விடுமா? ஒரு பெயரைக் காப்பாற்றும் திறமை தனக்கு இல்லையென்று 2002-ல் காட்டிய ராஜாங்கம், பெயர் எழுதாதவனைக் குறை கூறுவது அவ்வளவு பொருத்தமாக இல்லை.

சட்டத்தை அமுலாக்குவதற்கு முன்பே அதைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2015 மே மாதத்தில் ஒரு திருத்த மசோதா லோக் சபையில் கொண்டு வரப்பட்டு இரண்டே நாளில் நிறைவேறியது. மூலச் சட்டத்தை நிறைவேற்ற மூன்றரை வருஷம் பிடித்ததையும், அதைக் குறுக்க இரண்டு நாள் போதுமாயிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து வாசகர்கள் தாமே முடிவு செய்துகொள்ளலாம். தேசத்தின் பத்திரம், மந்திரி சபை ஆலோசனைகள், வியாபார இரகசியம் முதலிய பத்து வகை விஷயங்களைப் பற்றிப் புகாரே செய்யக் கூடாதென்று அத்திருத்தம் கூறியது. அன்றியும், 1923-ம் வருஷத்து அரசாங்க இரகசியச் சட்டத்தின் பிடியிலிருந்து புகார் செய்வோருக்கு மூலச் சட்டம் அளித்திருந்த விலக்கையும் அது எடுத்துவிட முனைந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலுள்ள விலக்குகளைத்தான் இங்கேயும் எடுத்துக்கொண்டோம் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. இந்தச் சமாதானம் பொருந்தாது. தகவல் கேட்பவருக்குக் கொடுக்கும் காகிதம் ஊரறியப் போகிறது; அதில் சில இரகசியங்கள் கூடாதென்பதற்கு அர்த்தமுண்டு. இங்கேயோ புகார் எங்கே போகிறது? ஒட்டிய உறைக்குள், சர்க்காரே நியமித்த விஜிலன்ஸ் கமிஷனுக்குப் போகிறது. ராணுவத்துக்குப் பழுதான தளவாடம் வாங்கப்படுவதாக ஓர் ஊழியர் கமிஷனுக்கு எழுதினால், அதனால் சத்துருவுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அந்தத் தளவாடத்தை நம்பிப் போர்க்களம் போகிற சிப்பாயின் உயிர்தான் பிழைக்கும். அன்னிய ஆட்சியார் தங்கள் ரகசியங்களைப் பிரஜைகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள 1923-ல் செய்த சட்டத்தை, சுதந்தர பாரதத்தின் நேர்மையான குமாஸ்தாவின் மேல் ஏவுவது நம் மனத்தைப் புண்படுத்துகிறது. நல்ல வேளையாக, 2019-ல் லோக் சபை கலைந்தபோது ராஜ்ய சபையில் தேங்கி நின்ற அத்திருத்தமும் காலாவதியாயிற்று. ஆனால் திருத்தத்தைக் காரணம் காட்டித் தள்ளி வைக்கப்பட்ட மூலச் சட்டம், திருத்தம் மாண்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

நிற்க. இத்தகைய சட்டமே கூடாது என்று மனப்பூர்வமாக எண்ணுகிற நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்போம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது நம் ஜனங்களின் இரத்தத்தில் ஊறிய எண்ணம். கோள் சொல்பவனை நாம் வெறுக்கிறோம். அதிலும் தேசத்தொண்டில் ஈடுபட்டவர்கள், காட்டிக் கொடுப்பவன் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்; எட்டப்பன் பெயரை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருப்பதற்குக் காரணமுண்டு. அன்னிய ஆட்சியில் போலீஸாருக்குத் துப்புக் கொடுத்தவனால் எத்தனை குடும்பங்கள் நாசமாயின என்பதை நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். மேல் நாட்டார் ‘விசில் ஊதுவோர்’ என்று அழைக்கும் இவர்களும் அந்த ஜாதிதானா? (இந்தப் பெயர் நமக்குப் பிடிக்கவில்லை. ரயில்வே கார்டு வண்டியைக் கிளப்புவதற்கு ஊதுகிறார். இவர்களோ வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள்.)

இரண்டும் ஒன்றல்ல என்று நாம் உறுதியாகச் சொல்லுவோம். துப்புக் கொடுத்தவன் வலிமையுள்ளவனிடம் போய் வலிமையற்றவனைக் காட்டினான். அதற்குக் கூலி வாங்கினான். அதனால் அவனுக்கு ஆபத்தில்லை. உண்மை உரைக்கும் ஊழியனோ வலிமையுள்ளவன் செய்யும் தீங்கை, அதனால் துன்பமடையப் போகும் ஜனங்களுக்காக வெளியிடுகிறான். ஆபத்து முழுவதும் அவன் தலையில். உண்ட வீடு எது என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். ஸ்ரீ துபே உண்டது கண்டிராக்டரின் சோற்றையா? வரி கொடுக்கும் குடியானவனின் சோற்றையல்லவா?

இது ஏதோ மேல் நாட்டிலிருந்து இறக்குமதியான நூதனக் கொள்கை என்று எண்ணுவோர், 1909-ல் மைசூரில் பண்டிதர் சாம சாஸ்திரியாரால் அச்சேறிய கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ராஜாங்கப் பணத்தை அதிகாரிகள் களவாடுவதற்கு நாற்பது வழிகள் உண்டென்று எண்ணி எழுதி வைத்தவர் அவர். களவை வெளிப்படுத்தி நிரூபிக்கிறவனுக்கு அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கும், அவன் ராஜாங்கச் சேவகனேயானால் பன்னிரண்டில் ஒரு பங்கும் அளிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறார். சேவகனுக்குப் பங்கு பாதியாயிற்று, கடமை அவனுக்கு முன்னமே உண்டு என்பதனால் போலும். நிரூபிக்கத் தவறியவனுக்குத் தண்டனையும் கூறியிருக்கிறார். கௌடில்யரின் ஒற்றர் ராஜ்யத்தை நாம் இலட்சியமாகக் கொள்ளவில்லை. ஆயினும் களவை அறியக் கூடியவன் உள்ளே இருப்பவனே என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதுவும் தங்கள் சுதந்தர யுத்தம் நடந்து கொண்டிருக்கும்போதே. 1777-ல் ‘வாரன்’ என்னும் யுத்தக் கப்பலைச் சேர்ந்த பத்துப் பேர், தங்கள் கடற்படைத் தலைவரான எசெக் ஹாப்கின்ஸ் என்பவரின் நடத்தையைப் பற்றி அந்நாட்டுக் காங்கிரஸுக்கு விண்ணப்பம் செய்தனர். சிறைப்பட்ட ஆங்கிலேயரை அவர் கொடுமையாக நடத்தினார் என்பதும் அவர்கள் கூறிய குற்றங்களில் ஒன்று. சத்துருவுக்காகத் தங்கள் தலைவன் மேல் புகார் செய்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது! காங்கிரஸ் தலைவரை நீக்கியது. அவர் அவதூறு வழக்குத் தொடரவே, சாமுவேல் ஷா, ரிச்சர்டு மார்வென் என்ற இருவர் சிறையிலிடப்பட்டனர். யுத்த நெருக்கடியில் கஜானா வறண்டிருந்த காலம் அது. படையில் கட்டுப்பாடு அவசியம் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான சமயமும் இல்லை. எனினும் 1778 ஜூலை 30-ந் தேதி அந்தக் காங்கிரஸ், தவறு கண்டால் உடனே தெரிவிப்பது தேச சேவையிலுள்ள ஒவ்வொருவரின் கடமை என்று தீர்மானித்து, அவ்விருவரின் வழக்குச் செலவையும் தானே ஏற்றது. சர்க்கார் தஸ்தாவேஜுகளையும் அவர்களுக்குக் கொடுக்க உத்தரவிட்டது. யுத்த காலத்தில் ஒரு நாடு செய்யத் துணிந்ததை, சமாதான காலத்தில் நாம் செய்யத் தயங்குகிறோம்.

இங்கிலாந்துக்கு இந்த ஞானம் வெகு தாமதமாக, வெகு கிரயம் கொடுத்த பின்னரே வந்தது. 1987 மார்ச்சு 6-ந் தேதி பெல்ஜியத்து ஸீபுரூகே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், முன் கதவுகளைச் சாத்தாமலே கடலில் சென்று கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவு சாத்தியிருக்கிறதா என்று காட்ட மேல் தட்டில் ஒரு விளக்கு வைத்துக் கொடுங்கள் என்று கப்பல் தலைவர்கள் முன்னமே கேட்டிருந்ததும், கம்பெனி நிர்வாகிகள் அதைக் கேலி செய்து குறிப்பெழுதியதும் விசாரணையில் அம்பலமாயின. அடுத்த வருஷம் ஜூலையில் வடகடலில் ‘பைப்பர் ஆல்பா’ எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தனர். டிசம்பர் 12-ந் தேதி லண்டனில் கிளாப்பம் சந்திப்பில் ரயில்கள் மோதி 35 பேர் இறந்தனர். சிக்னல் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் தொங்கியதே இந்த மோதலுக்குக் காரணம். அக்கம்பியைச் சரியாகப் பொருத்தாத தொழிலாளி பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு பெற்றிருந்தார். கம்பி தொங்குவதை மேற்பார்வையாளர் ஒருவர் கண்டிருந்தும், வீண் வம்பு எதற்கென்று வாய் திறக்கவில்லை என்ற செய்தியும் விசாரணையில் வெளிவந்தது.

அந்த மேற்பார்வையாளரை நாம் தூற்ற மாட்டோம். நம்மில் எத்தனை பேர் அவருடைய நிலையில் வேறு விதமாக நடந்திருப்போம்? ஆலையில் கொதிகலனின் அழுத்தமானி பழுதென்பதை, மாதத்துக்கொரு முறை வந்து கையெழுத்துப் போட்டுப் போகும் இன்ஸ்பெக்டர் அறிவதில்லை. கரி தள்ளுகிறவன் அறிவான். ஆஸ்பத்திரியில் காலாவதியான மருந்து போவதை டைரக்டர் அறிவதில்லை. மருந்து கட்டிக் கொடுக்கிறவர் அறிவார். ஆனால் வேலை போனால் அடுத்த மாத அரிசிக்கு வழியில்லாதவனும் அவனேதான். அறிந்தவனுக்குப் பேச வலிமையில்லை என்பதே இந்த விஷயத்தின் முடிச்சு. சட்டம் அவிழ்க்க வேண்டியது அந்த முடிச்சை. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1998-ல் செய்து 1999 ஜூலை 2-ந் தேதி முதல் அமுலாக்கிய சட்டம், சர்க்கார் ஊழியர், தனியார் கம்பெனித் தொழிலாளி என்ற பேதமின்றி இருவருக்கும் பொருந்துவதாயிற்று. சட்டமான மறு வருஷமே அமுலுக்கு வந்ததென்பதையும் மறந்து விடலாகாது.

நம் சட்டத்தின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. 2014-ம் வருஷத்துச் சட்டம் அமுலாகி விட்டாலுங்கூட, அது சர்க்கார் உத்தியோகஸ்தர் செய்யும் குற்றங்களைப் பற்றியது மாத்திரமே. தனியார் ஆலையில் நடக்கும் அக்கிரமத்தைப் பற்றித் தொழிலாளி வாய் திறந்தால் அவனுக்கு அதில் இடமில்லை. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள் முதலியவை ஊழியரின் முறையீட்டைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ள வேண்டுமென்கிறது. கம்பெனியின் குற்றத்தைக் கம்பெனியிடமே சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு அது. சிறு ஆலைகளும், பட்டறைகளும், கண்டிராக்டுக் கூலிகளும் அதிலும் சேரவில்லை.

இதன் பலனை நாம் அனுபவிக்கவில்லையா? போபால் விஷவாயு ஆலையில், 1984 டிசம்பரின் அந்தப் பயங்கர இரவுக்கு மூன்று வருஷம் முன்பே பாஸ்ஜீன் வாயுவினால் ஒரு தொழிலாளி மாண்டார். தொழிலாளர் சங்கத்தார் அபாயத்தை எடுத்துக் காட்டினார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982-லேயே எச்சரித்து எழுதினார். கேட்பார் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1987-ல், அபாயத்தை இன்ஸ்பெக்டரிடம் நேரே முறையிடும் உரிமை தொழிலாளிக்குத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது.

இன்னொரு சம்பவம் நம்மைத் தலைகுனியச் செய்வது. ரான்பாக்ஸி என்ற பெரிய இந்திய மருந்துக் கம்பெனியில், மருந்துகளின் பரிசோதனைக் கணக்குகள் பொய்யாகத் தயாரிக்கப்படுவதை அங்கே அதிகாரியாயிருந்த ஸ்ரீ தினேஷ் தாக்கூர் கண்டறிந்தார். 2005-ல் வேலையை விட்டார். அவர் முறையிடச் சென்ற இடம் டில்லி அன்று, வாஷிங்டன். வழக்கு பல வருஷம் நடந்து, 2013 மே மாதத்தில் அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அந்நாட்டுச் சட்டப்படி ஸ்ரீ தாக்கூருக்கு அதில் நாலரைக் கோடி டாலருக்கு மேல் பங்கும் கிடைத்தது. மருந்து தயாரானது பாரதத்தில். பொய் எழுதப்பட்டதும் பாரதத்தில். உண்மை சொன்னவரும் பாரதீயர். அவருக்குக் காப்பளித்த சட்டம் மட்டும் அன்னிய நாட்டினுடையது. சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் சொல்கிற நாம், அப்பொருளில் மோசமிருந்தால் சொல்லும் சுதேசியைக் காக்க ஒரு சுதேசிச் சட்டம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

பொய்ப் புகார் பெருகி நிர்வாகம் ஸ்தம்பிக்கும் என்பது மற்றோர் ஆட்சேபம். தெரிந்தே கெட்ட எண்ணத்துடன் பொய்ப் புகார் செய்தவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று இதே சட்டம் விதித்திருக்கிறது. நம்முடைய அபிப்பிராயத்தில் அதுவே சற்று அதிகம். நிரூபிக்க முடியாமற் போன உண்மையும் பொய்யைப் போலவே தோற்றமளிக்கும் ஆதலால், ஏழைத் தொழிலாளி அந்த ஷரத்தைப் படித்தாலே கடிதத்தைக் கிழித்துப் போட்டு விடுவான். நல்லெண்ணத்துடன் எழுதித் தவறிப் போனவனுக்கு ஒரு தீங்கும் வராதென்று தெளிவாக எழுதுவது நலம்.

ஆகவே நாம் கோருவது பெரிய காரியமன்று. முதலாவது, 2014-ம் வருஷத்துச் சட்டத்துக்கு ஒரு தேதி வேண்டும். அதற்குப் பார்லிமெண்டு கூட வேண்டியதில்லை, ஓட்டெடுக்க வேண்டியதில்லை, கெஜட்டில் ஒரு வரி போதும். அடுத்து, தனியார் ஸ்தாபனங்களிலும், கண்டிராக்டு முறையிலும் வேலை செய்வோரையும் சேர்த்துக்கொள்ளும் திருத்த மசோதா வேண்டும். பழிவாங்கலுக்கு வரையறை வேண்டும். மாற்றல், மெமோ, பதவி உயர்வு மறுத்தல் யாவும் அதில் அடங்க வேண்டும். விசாரணை முடியும் வரை ஊழியனை இருக்கும் வேலையில் இருக்கும்படி நிறுத்தி வைக்க உடனடியான உத்தரவுக்கு வழி வேண்டும். ஐந்து வருஷம் கழித்து ஜயிக்கிற வழக்கினால் பட்டினி கிடந்த குடும்பத்துக்கு என்ன பயன்?

2004-ம் வருஷத்துத் தீர்மானத்தின் கீழ் உறையில் புகார் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதே என்று சொல்லப்படலாம். இருக்கிறது. உறையை நன்றாக ஒட்டி, பொது நலன் கருதிய வெளியீடு என்று மேலே எழுதி, பெயரையும் விலாசத்தையும் உறையின் மேல் எழுதாமல் உள்ளே மட்டும் எழுதி, விஜிலன்ஸ் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும். ஸ்ரீ துபேயின் தனிக் காகிதம் கற்பித்த பாடம் அது. ஆனால் தீர்மானம் என்பது மந்திரி இலாகா பிறப்பித்த உத்தரவே. பார்லிமெண்டு செய்த சட்டமல்ல. பெயரை வெளியிட்ட அதிகாரிக்கு மூன்று வருஷச் சிறை என்ற ஷரத்து தீர்மானத்தில் கிடையாது. நிரூபிக்கும் பொறுப்பை அதிகாரியின் மேல் மாற்றும் ஷரத்தும் கிடையாது. இரண்டும் அமுலுக்கு வராத சட்டத்திலேயே இருக்கின்றன.

ஓட்டுக் கேட்க வருகிற கனவான்களிடம் சாலை எப்போது வரும், குழாய் எப்போது வரும் என்று நம் ஊழியர்கள் கேட்கிறார்கள். அந்தச் சாலையில் தார் சரியாகப் போடப்படவில்லையென்று சொல்லத் துணியும் ஓவர்சியரைக் காக்கும் சட்டத்துக்கு எப்போது தேதி வைப்பீர்கள் என்று அவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் ஒரு தபால் கார்டில் கேட்டு எழுதும்படி, இதைப் படிக்கும் தொண்டர் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறோம்.